பிரட்டக் கூடாத முட்டைகள்

முதல் முட்டை விழுந்தபோது வீட்டில் இருந்தது நானும் பாம்பும் மட்டும். அம்மா இல்லை; அவர் பேர்கனில் அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். அப்பா இல்லை, அவர் இறந்து அந்த யூலையோடு மூன்று வருடமாகப் போகிறது. "இது ஆண் பாம்பு, ஒரு தொல்லையும் தராது" என்று சொல்லி எனக்கு அதை விற்ற மாணவியும் இல்லை. படிப்பை முடித்துக்கொண்டு வெளிநாடு போய்விட்டாள். ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடியிலேயே அன்று எவரும் இல்லைப்போல்தான் இருந்தது. மே பதினேழு. நோர்வேயின் தேசிய நாள். பிள்ளைகள் கொடியும் கையுமாகப் பள்ளிக்கூடத்து ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். பாண்டு வாத்தியச் சத்தம் மட்டும் பல்கனிக்கு வந்து வந்து போனது.

காலைச் சாப்பாட்டுக்கு வரும்படி வேலையிடத்தில் ஒருவர் கேட்டிருந்தார். "பார்ப்போம்" என்று சொல்லியிருந்தேன். நோர்வேஜியர்களிடம் பார்ப்போம் என்றால் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். அது அவர்களுடைய மரியாதை. தமிழ் வீடுகளில் மூன்று முறை கேட்பார்கள், பிறகு கோபிப்பார்கள், அதற்கும் வராவிட்டால் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு, ஒரு முறை கேட்டவுடன் போகவும் தெரியவில்லை, கேட்காத இடத்துக்குப் போகவும் தெரியவில்லை. அதனால் கொடி நாளன்று வெள்ளைச் சட்டையை ஸ்திரி பண்ணிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன்.

பாம்பு ஒரு கிழமையாகச் சாப்பிடவில்லை. தோல் கழற்றப்போகிறது என்று நினைத்து, ஈரப் பாசி போட்ட ஐஸ்கிறீம் பெட்டியொன்றைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்திருந்தேன். சத்தமில்லாமல் கிடக்கிறதே என்று மூடியைத் திறந்தால், செம்மஞ்சள் உடம்பு வளையமாகச் சுருண்டிருக்க, நடுவில் வெள்ளையாக ஒன்று. பேரீச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது. கோழி முட்டைபோல ஓடு இல்லை. நனைந்த தோல் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தது. வெளியே யாரோ ஊர்வலத்தில் "ஹுர்ரா" என்று மூன்று முறை கத்தினார்கள்.

பின்னேரத்துக்குள் பதினொரு முட்டைகளாகிவிட்டன.

பாம்பு எப்படி வீட்டுக்கு வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அப்பா வடக்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் பெட்டி அடுக்கி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்து, அந்தக் காசில்தான் அம்மருட் வீட்டை வாங்கினார். அவர் போன பிறகு அக்கா அம்மாவைப் பேர்கனுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவை. அம்மாவுக்கும் பார்க்கப் பிள்ளைகள் தேவை. நான் மூன்று அறை வீட்டில் தனியாக நின்றேன். என்னுடைய வேலை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில். குழாய்களில் வரும் இரத்தத்தைப் பரிசோதிப்பது. நோயாளிகளைக் காண்பதில்லை. சில கிழமைகளில் திங்கள் முதல் வெள்ளி வரை நான் வாய் திறந்து கதைத்தது கன்ரீன் காசாளரோடு மட்டும்தான் என்று சனிக்கிழமைகளில் எனக்குத் தெரியவரும்.

நாய் வாங்கினால் பகலில் தனியாகக் குரைக்கும். பூனை கேட்டுக்கேட்டு அழும். என்னிடம் ஒன்றும் கேட்காத ஓர் உயிர் வேண்டுமென்று தேடி, இங்கே வளர்க்க அனுமதியுள்ள சில வகைகளில் ஒன்றை, நஞ்சில்லாத சோளப் பாம்பை, ஓர் ஒக்டோபரில் இணைய விளம்பரம் பார்த்து வாங்கினேன். அந்த மாணவி அதை வேறொரு "ஆண்" பாம்போடு ஒரே தொட்டியில் வைத்திருந்தாள். பெண் பாம்பு ஒரு முறை சேர்ந்தால் ஆணின் விந்தணுவை மாதக் கணக்கில் வயிற்றில் வைத்திருக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

வாங்கிய கிழமையே வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். அது என் பிழைதான். முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

"ஐயோ மாதாவே! வீசடா உதை!"

"கடிக்காதம்மா. பாருங்கோ, கையிலை சுத்திக்கொண்டு சும்மா கிடக்குது."

"மாதாவின்ரை காலுக்குக் கீழை மிதிபட்டுக் கிடக்கிற சாத்தானைக் கொண்டுவந்து கையிலை சுத்திக்கொண்டு நிக்கிறான். உந்தப் பாம்பு நிக்கிற வீட்டிலை இனி என்ரை கால் படாது. சொல்லிப்போட்டன்."

"நீங்கள் பேர்கனிலைதானே இருக்கிறியள்" என்றேன்.

நான் ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டார்.

அந்த டிசம்பர் நத்தாருக்கு ஒஸ்லோ வந்தபோது ஹவுகெட்டோவில் சின்னம்மா வீட்டில் தங்கினார். நானும் விருந்தாளிபோல அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறித் திரும்பினேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை போன். சாப்பிட்டியோ, என்ன கறி, குளிரோ, பூசைக்குப் போனியோ. இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லி முடியும்போது பின்னால் பிள்ளைகள் கத்துவார்கள். "சரி ராசா, வைக்கிறன்."

அதனால் முட்டை விழுந்த அன்று அம்மாவுக்கு ஏன் போன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வேறு யாருக்கு எடுப்பதென்று தெரியாததுதான் காரணமாக இருக்கவேண்டும்.

"அம்மா, பாம்பு முட்டை போட்டிருக்கு."

கத்தப்போகிறார் என்று காதைச் சற்று விலத்திப் பிடித்தேன்.

"எத்தினை?"

"பதினொண்டு."

"ஆம்பிளைப் பாம்பு எண்டாய்?"

"வித்தவள் அப்பிடித்தான் சொன்னவள்."

"அப்ப அவள் உன்னை வடிவாப் பேய்க்காட்டிப்போட்டாள். யூனிவர்சிற்றி வரைக்கும் படிச்ச பிள்ளைக்கு ஆணோ பெண்ணோ எண்டு பாத்து வாங்கத் தெரியேல்லை."

"பாம்பிலை எப்பிடியம்மா பாக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் கோழிதான் வளத்தனான்." பிறகு கேட்டார்: "வெளிச்சம் பிடிச்சுப் பாத்தியோ?"

பார்த்திருந்தேன். இருட்டறையில் போன் வெளிச்சத்தை முட்டையின் கீழே பிடித்தால், உள்ளே இளஞ்சிவப்பாக ஒளிரும். அதில் மெல்லிய இரத்த நரம்புகள் கிளை பிரிந்து ஓடும்.

"பாத்தனான். நரம்பு தெரியுது. எல்லாத்திலையும்."

"அப்ப கரு இருக்கு. கூழ்முட்டை இல்லை. இனிச் சூடு விடாமல் பாத்துக்கொள்."

நான் போனைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படித்த முதல் ஆள் நான். அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர்; அப்பா அதுவும் இல்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது இரவு படுக்கும் கட்டடம். நான் படித்த ஒன்றையும் அவர்களுக்கு விளங்கப்படுத்த முடிந்ததில்லை. "இரத்தம் பாக்கிற வேலை" என்று அம்மா ஆட்களுக்குச் சொல்லுவார், அதோடு சரி. முட்டைக்குள் ஓடும் நரம்பை இரண்டு பேரும் ஒரேமாதிரி அறிந்திருந்தோம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

தமிழ்க் கடையில் மீன் வந்த, சூடும் குளிரும் வெளியே போகாத பாரமில்லா வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்தேன். மூன்று முறை கழுவியும் மணம் போகவில்லை. அடியில் சூட்டு விரிப்பு. சூடு கூடாமல் குறையாமல் பார்க்க ஒரு சிறு கருவி. உள்ளே மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பா. டப்பாவில் பூக்கன்றுக் கடையில் விற்கும், ஈரம் பிடித்து வைக்கும் துகள். அதில் சின்னச் சின்னப் பள்ளம் தோண்டி முட்டைகளை வைத்தேன். மூன்று முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டன. பிரித்தால் கிழியும். அவற்றை அப்படியே கூட்டமாக வைத்தேன். மற்ற எட்டும் தனித்தனி.

ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி. பாம்பு வளர்ப்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். கோழி முட்டையைப் பிரட்டிப் பிரட்டி அடைகாக்க வேண்டும். பாம்பு முட்டையைப் பிரட்டவே கூடாது. இட்டுக் கொஞ்ச நேரத்திலேயே கரு மேல்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிரண்டால் தன் பாரத்தாலும் நீராலும் அதுவே அமுங்கிப்போகலாம். புள்ளி எப்போதும் மேலே இருக்கவேண்டும்.

அடுத்த நாள் அம்மாவே எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல.

"சூடு நிக்குதோ?"

"நிக்குது."

"பிரட்டி விட்டியோ?"

"இதைப் பிரட்டக் கூடாதம்மா. புத்தகத்திலை கிடக்கு."

"எந்தப் புத்தகம்?"

"நோர்வேஜியன் புத்தகம்."

"அவங்களுக்கென்ன தெரியும், கடையிலை பெட்டியோடை முட்டை வாங்கிறவங்கள். பிரட்டாட்டில் குஞ்சு ஒரு பக்கம் ஒட்டிப்போமடா."

"ஒட்டத்தான் வேணுமம்மா."

"உம்" என்றார் அம்மா. அந்த 'உம்' விளங்கியதற்கான 'உம்' அல்ல.

அதற்கடுத்த நாளும் எடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும் நேரம் பார்த்துச் சரியாகப் போன் அடிக்கும். முட்டை எப்படி இருக்கிறது என்று தொடங்கும். பிறகு எங்கெங்கோ போகும். கோழி அடையில் கிடக்கும்போது யாரையும் கிட்ட விடாதாம்; முகாமில் இருந்தபோது ஓர் அடைக்கோழியை அப்பா சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாராம், வயிறு முழுக்கக் கொத்துப்பட்டுப் போனாராம். அப்பா சட்டைக்குள் கோழியோடு நிற்பதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. சப்பாத்தில் ஒன்றைக் கழற்றி ஒன்றைக் கழற்றாமல், வாசலிலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு நாள் தனியாக எடுத்தாள்.

"டேய், என்னடா செய்துபோட்டாய் அம்மாவை? பிள்ளையளைப் பார்னஹாகே நேர்சரியிலை விடப்போற இடத்திலையும் உன்ரை முட்டைக் கதைதான். அங்கை வேலை செய்யிற பிள்ளைக்கு, எக், எலெவெ எண்டு பதினொரு முட்டையையும் விரல் விட்டுக் காட்டினவ. அவள் பாவம், முழிச்சுக்கொண்டு நிண்டாள்."

"கோவமா இருக்கிறாவோ?"

"கோவமோ? செபமாலையிலை உன்ரை முட்டையளையும் சேத்துச் சொல்லுறா. மாதாவுக்கே குழப்பமாயிருக்கும்."

சிரித்தோம். போனை வைத்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. அம்மா எடுப்பது முட்டைக்காக. முட்டைக்குள் இருப்பது பாம்பு என்பதை அவர் எப்படியோ மறந்திருக்கிறார். அல்லது மறந்ததுபோல் இருக்கிறார். ஓகஸ்டில் அவை வெடித்து, நாக்கை நீட்டிக்கொண்டு பாம்பாகவே வெளியே வரும். அன்றைக்கு என்ன ஆகும்? மறுபடி ஞாயிற்றுக்கிழமை, நான்கு கேள்வி. முட்டைகள் நன்றாக இருக்கவேண்டும் என்று டப்பாவின் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், இன்னும் கொஞ்ச நாள் முட்டையாகவே இருக்கட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது.

யூலையில் அப்பாவின் ஆண்டுப் பூசை. அம்மா போனில் சொன்னார்: "இந்த முறை சின்னம்மா வீட்டை போகேல்லை. உங்கை வந்து நிக்கிறன்."

"பாம்பு...?"

"அதை மூடி வை. நான் முட்டை பாக்கத்தான் வாறன்."

பேர்கன் ரயில் வந்து நின்றபோது, அம்மா இறங்குமுன்னரே கருவாட்டு மணம் இறங்கியது. எதிரில் இருந்த நோர்வேஜியக் கிழவர் வழி முழுக்க யன்னலைத் திறக்கப் பார்த்தாராம். "திறக்கேலாத யன்னல் எண்டு அந்தாளுக்குத் தெரியேல்லை. நான் சொல்லுவமெண்டு பாத்தன், எனக்குப் பாஷை வரேல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டு வாசலில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் தொட்டியைப் போர்வையால் மூடியிருந்தேன். அம்மாவுக்கு அது போதவில்லை. அலுமாரியில் அப்பா வீட்டில் உடுக்கும் சாரம் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் போர்வைக்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "அவர் பாத்துக்கொள்ளுவார்" என்றார். பிறகு மீன் பெட்டியருகே சம்மணமிட்டு இருந்தார்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். அம்மா குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"சின்னனாயெல்லோ கிடக்குது. பாவம்."

"இன்னும் பெருக்குமம்மா. தொடக் கூடாது, என்ன? இந்தப் புள்ளி இருக்கல்லோ, இது எப்பவும் மேலை இருக்கோணும்." ஏன் என்றும் சொன்னேன். கரு, சுவர், நீர், எல்லாம். அம்மா என் முகத்தையே பார்த்துத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சந்திப்புகளில் ஆசிரியை சொல்வதை நான்தான் தமிழில் சொல்லுவேன். அம்மா இதேமாதிரித்தான் ஆட்டுவார். விளங்காவிட்டாலும் ஆட்டுவார், மகன் வெட்கப்படக் கூடாதென்று ஆட்டுவார். அன்று அது ஏனோ எனக்கு நினைவு வரவில்லை. அம்மா என் வீட்டுத் தரையில் இருந்துகொண்டு நான் சொல்வதைக் கேட்கிறார் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

மூன்று நாள் நின்றார். நான் லீவு எடுக்கவில்லை. கோடைகாலத்தில் ஆய்வுகூடத்தில் ஆள் குறைவு. காலையில் தேத்தண்ணி மேசையில் இருந்தது. பின்னேரம் லிப்டால் இறங்கும்போதே எங்கள் மாடியில் மீன் குழம்பு மணத்தது. எதிர்வீட்டுச் சோமாலியப் பெண்மணியும் அம்மாவும் ஒரு பொதுச் சொல்லும் இல்லாமல் கதவடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கத் திறப்பை எடுத்தால், கதவு பூட்டியிருக்காது. அந்த மூன்று நாளும் திறப்பைக் கையில் எடுத்து எடுத்துத் திரும்பப் பொக்கற்றில் போட்டேன்.

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாரும் என்னைக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இன்னும் தனியத்தானோ?" அம்மாதான் பதில் சொன்னார்: "எங்கை தனிய? பதினொரு பேர் வரப்போகினம்." கேட்டவர் விளங்காமல் முழித்தார். அம்மா பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கால் போய்விட்டார்.

கடைசி நாள் அம்மாவை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்தேன். சாரத்தை அவிழ்த்தேன், பாம்பு கண்ணாடியோரம் வந்து நாக்கை நீட்டியது. அம்மாவுக்குக் காட்டிய பிறகு நான் திறக்காத டப்பாவை, சூடு பார்ப்போம் என்று திறந்தேன்.

புள்ளிகள் இல்லை.

முதலில் அழிந்துவிட்டனவோ என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். ஒட்டியிருந்த மூன்றிலும் புள்ளி அப்படியே இருந்தது. தனியாகக் கிடந்த எட்டில் ஒன்றிலும் இல்லை. ஒரு முட்டையின் அடியில், துகளுக்குள் பாதி மறைந்து, கரும்புள்ளியின் ஓரம் தெரிந்தது.

போன் அடித்தது. அம்மா, ரயிலிலிருந்து.

"தம்பி, சொல்ல மறந்துபோனன். முட்டையைக் காலமையும் பின்னேரமும் பிரட்டி விட்டனான். நீ வேலைக்குப் போனாப் பிறகு. ஒவ்வொண்டுக்கும் சிலுவை போட்டு, பூப்போலைதான் பிரட்டினனான், ஒண்டும் உடையேல்லை. அந்த மூண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்குது, கிழிஞ்சிடுமெண்டு தொடேல்லை. இனி நீதான் செய்யோணும். உனக்குப் பஞ்சி எண்டு எனக்குத் தெரியும், அதுதான் புத்தகத்தைச் சாட்டுறாய். என்ன? கேக்குதோ? செய்..."

இணைப்பு அறுந்தது. பேர்கன் பாதையில் மலைச் சுரங்கங்கள் பல. ரயில் உள்ளே போகும்போது குரல் போகும்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் வாயில் வந்து நின்றது. நான் சொன்னேனே. தலையாட்டினீர்களே. மூன்று நாள், காலையும் மாலையும். நாலாம் வகுப்பு, கோழி, என்று இன்னும் சிலவும் வந்தன. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. அழமாட்டார். "எனக்கென்னடா தெரியும்" என்று மெல்லச் சொல்லுவார். அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையையும் கேட்காமல் தொடமாட்டார். வந்தால் கதிரை நுனியில் இருப்பார். வருவாரோ தெரியாது.

போன் மறுபடி அடித்தது.

"சுரங்கம். கேட்டதோ சொன்னது?"

"கேட்டது."

"செய்வியோ?"

"ஓம் அம்மா."

"நல்ல பிள்ளை" என்றார்.

திரும்பப் பிரட்டி வைப்பதா, அப்படியே விடுவதா என்று இரண்டு பேரிடம் இணையத்தில் கேட்டேன். ஒருவர் பிரட்டு என்றார், ஒருவர் தொடாதே என்றார். தொடவில்லை. இன்னொரு முறை அவை பிரள்வதை என்னால் பார்க்க முடியாது போலிருந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார், "பிரட்டினியோ?" நான் ஒவ்வொரு நாளும் "ஓம்" என்றேன். ஒரு நாள், "பாத்தியோ, புத்தகம் பிழை" என்றார். அதற்கும் ஓம்.

வெளிச்சம் பிடித்துப் பார்க்கவும் விட்டுவிட்டேன். ஆய்வுகூடத்தில் தெரியாத மனிதர்களின் இரத்தத்தில் கெட்ட செய்தியைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதைச் சோர்வில்லாமல் செய்பவன். வீட்டில் என் சொந்தப் பெட்டியின் கீழே ஒரு போன் வெளிச்சத்தைப் பிடிக்கத் துணிவில்லை.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, ஒட்டியிருந்த மூன்றில் ஒன்றின் தோல் சவரக்கத்தியால் கீறியதுபோல் திறந்திருந்தது. கீறலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு. பிறகு ஒரு கண். முழுதாக வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி, வெளியே வரத்தான் வேண்டுமோ என்று யோசிப்பதுபோல் கிடந்தது. அடுத்த நாளுக்குள் மூன்றும் வந்துவிட்டன. பென்சில் தடிப்பு, ஒவ்வொன்றும் தன் முட்டையைவிட எவ்வளவோ நீளம். இது எப்படி அதற்குள் இருந்தது என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

மற்ற எட்டுக்கும் மேலும் ஒரு கிழமை விட்டுப் பார்த்தேன். பிறகு சின்னக் கத்தரிக்கோலால் திறந்தேன். எல்லாமே வளர்ந்திருந்தன. நிறம்கூடப் பிடித்திருந்தது, முதுகில் செம்புள்ளி வரிசை. ஒன்றாவது கூழ்முட்டையாக இருக்குமென்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக் கழிவுக்கான பச்சைப் பையில் அவற்றைப் போட மனம் வரவில்லை. ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, வீடுகளுக்குப் பின்னாலுள்ள காட்டுக்குப் போனேன். புளூபெரி பறிக்க வந்த குடும்பமொன்று என்னிடம் "ஹெய்" என்றது. நானும் "ஹெய்" என்றேன். அவர்கள் போகும்வரை நின்று, கரண்டியால் தோண்டிப் புதைத்தேன்.

அன்று பின்னேரம் அம்மா எடுத்தார். மூன்று வந்ததை முன்னமே வீடியோவில் காட்டியிருந்தேன். ஒரு கணம் பார்த்துவிட்டு "சரி சரி, போனைத் திருப்பு" என்று கண்ணை மூடியிருந்தார்.

"மிச்சம்?"

"மிச்சம் வரேல்லை அம்மா."

"எட்டுமோ?"

"ஓம். கூழ்முட்டை."

அம்மா யோசித்தார். "நீதானே நரம்பு தெரியுது எண்டனி."

"சிலவேளை வடிவாப் பாக்கேல்லையோ தெரியாது."

"அதுதான். நீ வெளிச்சம் பிடிச்ச விறுத்தம் சரியில்லை." பிறகு, என்னைத் தேற்றும் குரலில்: "நீ கவலைப்படாதை. உன்னிலை பிழை இல்லை. சேவல் சரியில்லை."

"ஓம் அம்மா. சேவல்தான்."

"அதுகள் என்ன தின்னும்?"

பொய் சொல்லும் பழக்கம் அன்றோடு போதுமென்று தோன்றியது. "சின்ன எலிக்குஞ்சு. ஐசிலை வைச்சது விக்கிறாங்கள்."

பின்னால் பிள்ளைகள் கத்தினார்கள். "சரி ராசா, வைக்கிறன்."

அடுத்த நாள் சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டையும் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் இருந்தேன். போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடித்தது. சாப்பிட்டியோ, என்ன கறி, மழையோ, பூசைக்குப் போனியோ.

குஞ்சுகளில் இரண்டை, வளர்க்கத் தெரிந்த இருவர் வந்து கொண்டுபோனார்கள். ஒன்று என்னோடு நிற்கிறது. தாய்த் தொட்டிக்கு அருகே சின்னத் தொட்டியில். அப்பாவின் சாரத்தை மடித்துத் தொட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன், அலுமாரிக்குள் போகவில்லை.

போன ஞாயிறு நான்கு கேள்வியும் முடிந்த பிறகு அம்மா வைக்கவில்லை. ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது.

"அது திரும்ப முட்டை போடுமோ?"

"சோடி இல்லாமல் கஷ்டம் அம்மா."

"அப்ப ஒரு நல்ல சேவலாய்ப் பார். அதோடை உனக்கும் ஒண்டைப் பார்."

"பாப்பம்."

"பாப்பம், பாப்பம். வெள்ளைக்காரன் மாதிரிக் கதை." பிறகு சொன்னார்: "அடுத்த பூசைக்கும் உங்கைதான் வந்து நிப்பன். முட்டை இருந்தால் நான் பாத்துக்கொள்ளுவன். நீ வேலைக்குப் போ."

"ஓம் அம்மா" என்றேன். "கட்டாயம் வாங்கோ."

அந்த யூலையில் ரயில் டிக்கெற்றை அம்மாவே வாங்கியிருந்தார். பூசைக் காசை அக்கா கொடுத்தாள். கருவாடு பேர்கனிலிருந்து வந்தது. அம்மா என் வீட்டில் வந்து நின்ற அந்த மூன்று நாளுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஆன செலவு, எட்டுக் குஞ்சு.